டோக்கியோ போனால் கால் நனைக்க ஒரு நாள்: காமகுரா, எனோஷிமா முழு வழிகாட்டி

ஜப்பான் பயணத் திட்டங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. காலை ஒரு கோயில், மதியம் ஒரு கடைத்தெரு, மாலை ஒரு கோபுரம், இரவு நியான் விளக்குக்கு அடியில் சாப்பாடு. நாங்கள் ஐந்து பேரும் அப்படித்தான் போட்டுக்கொண்டு போனோம். திருச்சியில் ஒன்றாகக் கல்லூரி படித்தவர்கள், பல வருடம் கழித்து முதல் முறையாகச் சேர்ந்து வெளிநாடு போகிறோம். எதையும் விட்டுவிடக் கூடாது என்று ஆசை. மூன்றாம் நாள் இரவு டோக்கியோவின் ஷின்ஜுகு பகுதியில் இருந்த விடுதியில் ஒருத்தி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டிருந்தாள், இன்னொருத்தி செருப்பு அறுத்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டிருந்தாள். யாரும் யாரோடும் பேசவில்லை. சண்டை ஒன்றும் இல்லை, அலுப்புதான். மறுநாள் திட்டத்தில் இருந்தது நிக்கோ மலை. அதை எடுத்துவிட்டுக் கடலுக்குப் போனோம். பத்து நாள் பயணத்தில் இன்றைக்கும் நாங்கள் கூடினால் பேசுவது அந்த நாளைப் பற்றித்தான்.

அதனால் இந்த வழிகாட்டியில் ஒரே பிடிவாதம் உண்டு. நண்பர்களோடு வெளிநாடு போகிறவர்கள் நடுவில் ஒரு நாளைக் கடலுக்குக் கொடுங்கள். அந்த நாளின் நடுப்பகுதியில் எதையும் வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அதைச் சுற்றி அமைத்துக்கொள்ளும் ஏற்பாடுகள்.

ஏன் இந்தக் கடல்

டோக்கியோவுக்குத் தென்மேற்கே, ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் ஸகாமி விரிகுடா இருக்கிறது. அதன் கரையில் காமகுரா. 12ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஷோகுன்கள் என்ற படைத்தலைவர்களின் ஆட்சி தொடங்கிய ஊர். அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டரில், பாலத்தால் கரையோடு சேர்த்த எனோஷிமா என்ற சின்னத் தீவு. இரண்டையும் எனோடென் என்ற குட்டி ரயில் கடலோரமாக இணைக்கிறது. ஒரே நாளில் போய்வந்துவிடலாம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மாலத்தீவு மாதிரி நீலத் தண்ணீரையும் வெள்ளை மணலையும் நினைத்துக்கொண்டு போகாதீர்கள். இங்கே மணல் கரும்பழுப்பு. இனாமுராகசாகி முனைப் பக்கம் மணலில் இரும்புத் துகள் கலந்திருக்கும், காந்தத்தை வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஆனால் நம்மவர்கள் கடலுக்குப் போவது நீந்துவதற்கா என்ன? புடவையையோ பேண்டையோ முட்டிவரை தூக்கிப் பிடித்துக்கொண்டு கால் நனைக்க, உட்கார்ந்து ஏதாவது கொறிக்க, பேச. அதற்கு இதைவிட நல்ல கரை எனக்குத் தெரியாது.

எந்த நாள், எந்த மாதம்

பயணத்தின் மூன்றாவது அல்லது நான்காவது நாளை ஒதுக்குங்கள். முதல் நாள் வேண்டாம், அப்போது எல்லோருக்கும் கால் பரபரக்கும், யாரும் உட்கார மாட்டார்கள். கடைசி நாளும் வேண்டாம், அப்போது மனசு பெட்டி கட்டுவதில் இருக்கும். ஒரே தேதியைப் பிடித்துக்கொள்ளாமல், அடுத்தடுத்த இரண்டு நாட்களை மாற்றிக்கொள்ளக்கூடியபடி வைத்திருந்து, முந்தின இரவு வானிலையைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. மழை நாளில் அருங்காட்சியகத்துக்குப் போகலாம், கடலுக்கு மாற்று கிடையாது.

சனி, ஞாயிறு கண்டிப்பாக வேண்டாம். எனோடென்னில் ஏறவே வரிசையில் நிற்க வேண்டிவரும். ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே முதல் வாரம்வரை ஓடும் 'கோல்டன் வீக்' விடுமுறையும் அப்படித்தான். ஜூனில் ஹைட்ரேஞ்சியா பூக்கும், மழையும் உண்டு, அதைப் பார்க்க வரும் கூட்டமும் உண்டு. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் அதிகாரப்பூர்வமான குளியல் காலம். அப்போது உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள், மணலில் தற்காலிகக் குடில் கடைகள் முளைக்கும், இரைச்சலும் இருக்கும். செப்டம்பர், அக்டோபரில் புயல் வரலாம்.

நாங்கள் போனது நவம்பர் நடுவில், ஒரு புதன்கிழமை. வெயில் உறைக்கவில்லை, காற்று மட்டும் குளிர்ந்தது, கரை பாதி காலி. குளிர்மாதங்களில் இன்னொரு லாபம், காற்றில் மூட்டம் குறைவாக இருப்பதால் கடலுக்கு அப்பால் ஃபுஜி மலை தெளிவாகத் தெரியும். கோடையில் அது பல நாள் முகமே காட்டாது. ஆனால் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும். ஜூனில் இரவு 7 மணிவரை வெளிச்சம் இருக்கும். நவம்பர், டிசம்பரில் 4.30 மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். அந்த மாதங்களில் போகிறவர்கள் காலை 8 மணிக்கெல்லாம் ரயிலில் இருக்க வேண்டும்.

கிளம்பும் முன் பேசி வைத்துக்கொள்ள வேண்டியவை

இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நண்பர்கள் பயணத்தில் முகச்சுளிப்பு வருவது இடத்தால் அல்ல, சொல்லாமல் மனசுக்குள் வைத்துக்கொண்ட எதிர்பார்ப்பால். முந்தின இரவு பத்து நிமிடம் உட்கார்ந்து மூன்று விஷயம் பேசினோம்.

ஒன்று பணம். ஆளுக்கு 3,000 யென் போட்டு ஒரு சின்னப் பர்ஸில் வைத்து, ஒருத்தியிடம் கொடுத்தோம். டீ, ஐஸ்கிரீம், நுழைவுச் சீட்டு எல்லாம் அதிலிருந்து. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒவ்வொரு கடை வாசலிலும் போன் கால்குலேட்டரைத் தட்டுகிற வேலை அன்றைக்கு இல்லை. சின்னக் கடைகளில் ரொக்கம் மட்டும் வாங்குகிற இடங்கள் இன்னும் இருக்கின்றன, அதனால் 100 யென் நாணயங்கள் கையில் இருப்பது நல்லது. நம் யுபிஐயை நம்பிப் போகாதீர்கள்.

இரண்டாவது, யாருக்கு எது வேண்டும் என்பது. ஆளுக்கு ஒன்றுதான். ஒருத்திக்குப் பெரிய புத்தர், ஒருத்திக்கு அந்தக் குட்டி ரயில், ஒருத்திக்குச் சூரியன் மறைவது, முட்டிவலிக்காரிக்குப் படிக்கட்டு இல்லாத நாள். ஐந்தாமவள் "என்னைத் தூங்க விட்டா போதும்டி" என்றாள். ஐந்தும் நடந்தன.

மூன்றாவதுதான் முக்கியம். மதியம் மூன்று மணி நேரம் யாரும் யாரையும் "வா, போகலாம்" என்று கூப்பிடக் கூடாது. நடக்கிறவள் நடக்கட்டும், படுக்கிறவள் படுக்கட்டும். சேரும் இடமும் நேரமும் மட்டும் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட வேண்டும்.

பையில் என்ன

உட்கார ஒரு விரிப்பு. நூறு யென் கடைகளில் மடிக்கிற பிளாஸ்டிக் விரிப்பு கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய துப்பட்டா. காற்று வீசும் என்பதால் கோடையில்கூட மேலே போட ஒரு மெல்லிய சட்டை. கால் துடைக்க ஒரு சின்னத் துண்டு, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. அப்புறம் காலிப் பை ஒன்று குப்பைக்கு. ஜப்பானில் தெருக் குப்பைத்தொட்டி அரிது, கடற்கரையிலும் தேடினால் கிடைக்காது. உங்கள் குப்பையை நீங்கள்தான் விடுதிவரை சுமந்து வர வேண்டும்.

பெரிய பெட்டியோடு வருகிறவர்கள் ஃபுஜிசாவா அல்லது காமகுரா ரயில் நிலையத்தில் நாணய லாக்கரில் வைத்துவிடலாம். எனோடென்னில் பெட்டியோடு ஏறாதீர்கள். அந்தச் சின்ன ரயில் பெட்டிகளில் பள்ளிப் பிள்ளைகளும் உள்ளூர்ப் பாட்டிகளும் அன்றாடம் போய்வருகிறார்கள், நாம் விருந்தாளிகள்தான்.

ஷின்ஜுகுவிலிருந்து ரயில்

இரண்டு வழி உண்டு. டோக்கியோ நிலையத்திலிருந்து ஜேஆர் என்ற ரயில் நிறுவனத்தின் யொகொசுகா தடத்தில் நேரே காமகுரா வரலாம், ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். ஷின்ஜுகு பக்கம் தங்குகிறவர்களுக்கு ஒடாக்யூ என்ற தனியார் நிறுவனத்தின் ரயில்தான் லாபம். 'எனோஷிமா காமகுரா ஃப்ரீபாஸ்' என்று ஒரு நாள் சீட்டு இருக்கிறது. நாங்கள் வாங்கியபோது ஷின்ஜுகுவிலிருந்து 1,640 யென், போகும் முன் இப்போதைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஷின்ஜுகுவிலிருந்து ஃபுஜிசாவா போய்வர, அங்கிருந்து தீவுப் பக்கம் போகும் கிளையில் ஏறி இறங்க, எனோடென் முழுக்க எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க, எல்லாம் அதில் அடக்கம். ஷின்ஜுகு ஒடாக்யூ நிலையத்து இயந்திரத்திலேயே வாங்கலாம். 'ரொமான்ஸ்கார்' என்ற சொகுசு ரயிலுக்குத் தனிக் கட்டணம் உண்டு. அது இல்லாமலேயே போகலாம்.

ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ஒடாக்யூ தடம் ஸகாமி-ஓனோ நிலையத்தில் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று ஒடவாரா பக்கம், மற்றது ஃபுஜிசாவா பக்கம். பலகையில் 'ஃபுஜிசாவா' என்று போட்ட விரைவு ரயிலில் ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் நேரே போய் இறங்கலாம். அவசரத்தில் ஒடவாரா ரயிலில் ஏறிவிட்டால் பதற்றம் வேண்டாம், ஸகாமி-ஓனோவில் இறங்கி மாறிக்கொள்ளுங்கள். ஷின்ஜுகுவில்தான் ரயில் புறப்படுகிறது, அதனால் ஒரு வண்டியை விட்டுவிட்டு அடுத்ததற்கு வரிசையில் முதலில் நின்றால் ஐவருக்கும் இடம் கிடைக்கும்.

ஃபுஜிசாவாவில் இறங்கி எனோடென்னுக்கு மாற வேண்டும். 1902இல் ஓடத் தொடங்கிய ரயில் இது. ஃபுஜிசாவாவிலிருந்து காமகுராவரை 10 கிலோமீட்டர், 15 நிலையங்கள், ஒற்றைத் தண்டவாளம், முழுத் தூரமும் போக அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். காமகுரா பக்கம் போகும்போது வலப்பக்கம் நில்லுங்கள், கடல் அந்தப் பக்கம்தான். எனோஷிமா நிலையம் தாண்டியதும் ரயில் தெருவுக்குள் இறங்கிக் கார்களோடு சேர்ந்து ஊர்கிறது. கடை வாசல்களும் மாடிக் கொடியில் காயும் துணிகளும் கைக்கெட்டும் தூரத்தில் போகும். கொஷிகோயே நிலையம் முடிந்து வீடுகளுக்கு நடுவில் ரயில் நெளிந்துகொண்டே வரும், திடீரென்று வீடுகள் முடிந்து வலப்பக்கம் முழுக்க விரிகுடா. அந்த நொடியில் பெட்டியில் இருந்த உள்ளூர்க்காரர்கள்கூடப் போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள்.

காலையில் ஒரே ஒரு கோயில்

காமகுராவில் கோயில்கள் ஏராளம். எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் இது கடல் நாளாக இருக்காது. ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஹாசே நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிட நடையில் இருக்கும் கொத்தொகு-இன். அங்கேதான் பெரிய புத்தர்.

1252இல் செய்யத் தொடங்கிய வெண்கலச் சிலை. உயரம் பீடம் நீங்கலாக 11 மீட்டருக்கு மேல், எடை சுமார் 121 டன். ஒரு காலத்தில் மேலே மண்டபம் இருந்தது. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆழிப்பேரலை அதை அடித்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். அதற்குப் பின் ஐந்நூறு வருடமாக வெயிலிலும் மழையிலும்தான் இருக்கிறார். நுழைவுச் சீட்டு 300 யென். இன்னும் 50 யென் கொடுத்தால் சிலையின் வயிற்றுக்குள் போய் வார்ப்பின் இணைப்புகளைப் பார்க்கலாம். முதுகில் இரண்டு ஜன்னல் கதவு திறந்திருக்கும். பக்கவாட்டுச் சுவரில் வைக்கோலில் பின்னிய ஆளுயரச் செருப்பு ஒரு ஜோடி தொங்குகிறது, புத்தர் எழுந்து நடக்க நினைத்தால் போட்டுக்கொள்வதற்காக. கால் கொப்புளித்திருந்த எங்கள் தோழி அதன் முன்னால்தான் அதிக நேரம் நின்றாள்.

காலை ஒன்பதரைக்குள் போய்விட்டால் சுற்றுலாக் குழுக்கள் வருமுன் அமைதியாகப் பார்க்கலாம். ஹாசேதெரா என்ற கோயிலும் பக்கத்தில்தான் இருக்கிறது, மேல்தளத்திலிருந்து கடல் அழகாகத் தெரியும். ஆனால் படி ஏற வேண்டும். எங்களுக்கு முட்டிவலிக்காரி இருந்ததால் விட்டுவிட்டோம், வருத்தமில்லை.

சாப்பாட்டை வாங்கிக்கொண்டு கரைக்கு

ஹாசே நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம் தெற்கே நடந்தால் யுயிகஹாமா கடற்கரை. போகிற வழியில் சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள், கரையில் கடை கிடையாது, கோடைக் குடில்களைத் தவிர.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் கரையின் சிறப்பு ஷிராசு. நெத்திலி, மத்தி இவற்றின் கண்ணாடி மாதிரியான குஞ்சுகள். வேகவைத்துச் சோற்றின் மேல் குவித்துத் தருவார்கள், அன்று பிடித்ததாக இருந்தால் பச்சையாகவும் கிடைக்கும். ஜனவரி 1 முதல் மார்ச் முதல் பாதிவரை இங்கே ஷிராசு பிடிக்கத் தடை, அந்த மாதங்களில் பச்சை ஷிராசு கிடைக்காது. நம் வங்கக் கடலில் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிற மாதிரிதான்.

சைவக்காரர்கள் சற்று உஷாராக இருக்க வேண்டும். ஜப்பானில் காய்கறிச் சூப்பிலும் துவையலிலும்கூடக் காய்ந்த மீனில் எடுத்த சாறு சேர்ந்திருக்கும். 'மீன் இல்லை' என்று கடைக்காரர் சொல்வது மீன் துண்டு இல்லை என்ற அர்த்தத்தில் இருக்கலாம். கடற்கரை நாளுக்குப் பாதுகாப்பான வழி, கன்வீனியன்ஸ் கடையில் பழம், ரொட்டி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு, உப்பில் ஊறிய உமே பழம் வைத்த சோற்று உருண்டை ஆகியவற்றை உள்ளடக்கப் பட்டியலை போன் கேமராவில் மொழிபெயர்த்துப் பார்த்து வாங்குவது. கூடவே ஊரிலிருந்து கொண்டுபோன புளியோதரைப் பொடியோ பருப்புப்பொடியோ இருந்தால் சூடான வெறுஞ்சோறு வாங்கிக் கலந்துகொள்ளலாம். நாங்கள் முறுக்கும் கடலை மிட்டாயும் எடுத்துப் போயிருந்தோம். அந்தக் கரும்பழுப்பு மணலில் உட்கார்ந்து முறுக்கைக் கடித்தபோது ஐந்து பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம்.

பருந்து

இதற்குத் தனித் தலைப்பே வேண்டும். யுயிகஹாமாவில் 'பருந்து உணவைப் பறிக்கும்' என்று பலகை வைத்திருக்கிறார்கள். படித்தோம், தலையாட்டினோம், மறந்துவிட்டோம். எங்களில் ஒருத்தி நின்றுகொண்டே சோற்று முக்கோணத்தைப் பிரித்தாள். முதல் கடி கடிப்பதற்காகக் கையை வாய்க்குக் கொண்டுபோனாள். பின்னாலிருந்து ஒரு காற்று, கன்னத்தில் இறகு உரசியது, கை காலி. அவள் விரலிடுக்கில் ஒரு துண்டுக் கடற்பாசித் தாள் மட்டும் மிஞ்சியது. பத்தடி உயரத்தில் அது சோற்றைக் காலில் பற்றியபடி ஒரு வட்டம் அடித்தது. சுட்டுவிரலில் மெல்லிய கீறல், ரத்தம் பொடித்தது. கழுவி மருந்து போட்டோம்.

நம் ஊர் வானத்தில் வட்டமிடுகிற அதே கள்ளப்பருந்து இனம்தான். பெரும்பாலும் முதுகுப் பக்கமிருந்துதான் வரும். அதனால் சுவரையோ படிக்கட்டையோ முதுகுக்கு வைத்து உட்காருங்கள், வட்டமாக ஒருவர் முதுகை ஒருவர் பார்த்தபடி சாப்பிடுங்கள். உணவைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், படம் எடுப்பதற்காகக்கூட. பொட்டலத்தை மடியில் துணியால் மூடி வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் கடையிலேயே சாப்பிட்டுவிட்டு வருவதுதான் சரி.

எதுவும் செய்யாத மூன்று மணி நேரம்

பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை. விரிப்பை விரியுங்கள், போனைப் பையில் போடுங்கள். அவ்வளவுதான் இந்தப் படி.

நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கரையோடு கிழக்கே நடந்தால் நமேரி என்ற சிற்றாறு குறுக்கே வரும். சாலைப் பாலத்தில் ஏறி அதைத் தாண்டினால் ஸைமொகுஸா கரை. அதன் கிழக்கு முனையில், கடல் இறங்கியிருக்கும் நேரத்தில், கற்குவியல் ஒன்று தண்ணீரிலிருந்து வெளியே தெரியும். அது வகாயேஜிமா, 1232இல் கல்லைக் கொட்டிக் கட்டிய துறைமுகத்தின் மிச்சம். சீனக் கப்பல்களின் சரக்கு வந்திறங்கிய காலத்துப் பீங்கான் ஓடுகள் இன்னும் அந்தக் கரையில் ஒதுங்குகின்றன. நான் கண்டெடுத்தது கட்டைவிரல் நகம் அளவு. பாசிப்பயறு நிறத்தில் மெருகு, ஓரமெல்லாம் அலை தேய்த்து வழவழவென்று, உடைந்த இடத்தில் சாம்பல் நிறக் களிமண். எந்தக் காலத்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்திருந்துவிட்டு எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். அரிக்கமேட்டிலும் கொற்கையிலும் ஓடு பொறுக்கியவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருக்கும் என்று தெரியும்.

திரும்பி வந்தபோது தூக்கக்காரி துப்பட்டாவை முகத்தில் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். மற்ற இருவர் தண்ணீரில் கால் வைத்தபடி பேசிக்கொண்டிருந்தார்கள். பதினைந்து வருடத்துக்கு முன் நடந்த, இத்தனை நாளும் எங்களிடம் சொல்லாத ஒன்றை ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்துகொண்டேன்.

தண்ணீரைப் பற்றிச் சில எச்சரிக்கைகள். குளியல் காலம் இல்லாத மாதங்களில் உயிர்காப்பாளர் கிடையாது, முட்டிக்கு மேல் இறங்காதீர்கள். மேற்கே இருக்கும் ஷிச்சிரிகஹாமா அலைச்சறுக்கு வீரர்களின் கரை, நீரோட்டம் கடுமை, அங்கே குளிக்க அனுமதி இல்லை. ஆகஸ்ட் நடுவுக்குப் பின் சொறிமீன் பெருகும். கரையில் நீலப் பை மாதிரி ஏதாவது ஒதுங்கிக் கிடந்தால் செத்ததாக இருந்தாலும் தொடக் கூடாது, கொட்டினால் கடுமையாக வலிக்கும்.

அப்புறம் சுனாமி. 2004ஐப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1923 நிலநடுக்கத்தில் இந்தக் கரையையும் அலை தாக்கியது. கரைக்கு வந்ததும் உயரமான இடத்துக்குப் போகும் வழி காட்டும் பலகை எங்கே இருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை யாராவது வீசினால் அது சுனாமி எச்சரிக்கை. சாமானை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஓட வேண்டும். ஆம்புலன்ஸுக்கு 119, போலீஸுக்கு 110, கடலோரக் காவலுக்கு 118.

மாலைக்குத் தீவு

இரண்டு மணிக்கு ஹாசேயில் மறுபடி எனோடென். இப்போது மேற்கே போகிறீர்கள், அதனால் கடல் இடப்பக்கம். நடுவில் காமகுராகோகோமாயே என்ற நிலையத்தில் ஒரு ரயில்வே கேட் இருக்கிறது. கூடைப்பந்து அனிமே தொடர் ஒன்றில் வந்ததால் உலகம் முழுவதிலிருந்தும் படம் எடுக்க வருகிறார்கள். சாலை நடுவில் நின்று எடுக்கிறவர்களால் அங்கே குடியிருப்பவர்கள் படும் அவதி கொஞ்சமில்லை. இறங்கினால் நடைமேடையில் நின்று கடலைப் பாருங்கள், அதுவே போதுமான அழகு.

எனோஷிமா நிலையத்திலிருந்து பாலம் தாண்டித் தீவுக்குள் நுழையக் கால் மணி நேர நடை. தீவின் சுற்றளவு நான்கு கிலோமீட்டர்தான், ஆனால் முழுக்க மேடு. முட்டி வலி உள்ளவர்களுக்கு 1959இல் போட்ட 'எஸ்கார்' என்ற நகரும் படிக்கட்டு இருக்கிறது, 360 யென். மேலே ஏற மட்டும்தான், இறங்க உதவாது.

ஏறும் வழியில் எனோஷிமா ஆலயத்தின் முதல் சன்னதி. அதன் பக்கத்தில் எண்கோண மண்டபத்துக்குள் பென்ஸைதென் என்ற தெய்வம். ஒரு சிலையில் எட்டுக் கை, இன்னொன்றில் மடியில் பிவா என்ற தந்தி வாத்தியம். பெயரைக் கேட்டால் தெரியாது, வாத்தியத்தைப் பார்த்தால் புரிந்துவிடும். நம் சரஸ்வதிதான். பௌத்தத்தோடு சீனா வழியாக ஜப்பானுக்கு வந்து, ஆற்றின் பெயர் கொண்டவள் என்பதாலோ என்னவோ, நீர் சூழ்ந்த இடங்களில் கோயில் கொண்டிருக்கிறாள். ஐந்து தலை நாகம் ஒன்று இந்தக் கரையை அலைக்கழித்ததாகவும், அவள் வந்திறங்கி அதை அடக்கியதாகவும் தல புராணம். கூத்தனூரில் தேர்வுக்கு முன் பேனாவை வைத்துக் கும்பிட்டவர்கள் நாங்கள். அந்த மண்டபத்தில் ஐந்து பேரும் பேசாமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றோம்.

உச்சியில் கலங்கரை விளக்குக் கோபுரம் இருக்கிறது, நேரம் இருந்தால் ஏறலாம். எங்களுக்கு இல்லை. தீவின் பின்பக்கம் இறங்கினால் அலை குடைந்த இவாயா குகைகள், 500 யென். உள்ளே கையில் ஒரு மெழுகுவர்த்தி கொடுத்து அனுப்புகிறார்கள். குளிர்மாதங்களில் சீக்கிரம் மூடிவிடுவார்கள், கடல் கொந்தளித்தாலும் மூடிவிடுவார்கள். அதனால் முதலில் குகை, பிறகு சூரியன்.

குகைக்கு வெளியே சிகோகஃபுச்சி என்ற அகலமான பாறைத் தளம். 1923 நிலநடுக்கத்தில் கடலடியிலிருந்து மேலே எழும்பியது. சூரியன் இறங்க அரை மணி முன்பே போய் இடம் பிடியுங்கள். பாறை ஈரமாக இருந்தால் வழுக்கும், அலை எட்டும் விளிம்புக்குப் போகாதீர்கள். நாங்கள் போன அன்று சூரியன் இடப்பக்கம் தள்ளி மலைகளுக்குப் பின்னால் போனது. வலப்பக்கம் ஃபுஜி, அதுவரை வெளிறிப்போய் இருந்தது மெல்ல மெல்லக் கறுத்து, வெட்டி ஒட்டிய காகிதம் மாதிரி நின்றது. தூண்டில் போட்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து மலையைக் கையால் காட்டி ஒரு முறை தலையாட்டினார். இன்றைக்குத் தெரிகிறது, உங்களுக்கு அதிர்ஷ்டம் என்பது போல இருந்தது.

திரும்பும் வழி

பாறைத் தளத்திலிருந்து பாலத்தருகே வரை படகு ஓடுகிறது, ஆனால் இருட்டும் முன்பே நின்றுவிடும், அலை அதிகமானாலும் ஓடாது. அதை நம்பிச் சூரியன் மறைவுக்கு உட்காராதீர்கள். வந்த வழியே மேடு ஏறி இறங்க வேண்டும், நிதானமாக நடந்தால் முக்கால் மணி நேரம். முட்டிவலிக்காரி உங்களோடு இருந்தால் அவரைப் பின்பக்கம் இறங்கச் சொல்லாதீர்கள். பாலத்தின் மேலிருந்தே மறைவைப் பார்க்கலாம், ஃபுஜி அங்கிருந்தும் தெரியும். எங்கள் தோழியும் இன்னொருத்தியும் அப்படித்தான் செய்தார்கள், சூடாகச் சோள சூப் டப்பா வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு. தீவுக் கடைகள் இருட்டியதும் அடைத்துவிடும், இரவுச் சாப்பாட்டை ஃபுஜிசாவாவிலோ ஷின்ஜுகுவிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீபாஸ், சாப்பாடு, சீட்டுகள், தீனி எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆளுக்கு 5,500 யென் வாக்கில் ஆனது. ஒரு யென்னுக்கு அறுபது பைசா என்று வைத்தால் 3,300 ரூபாய்.

பாலம் தாண்டியதும் எனோடென்னுக்குப் போக வேண்டாம், பக்கத்திலேயே ஒடாக்யூவின் கத்தாசே-எனோஷிமா நிலையம். கடலடி நாகராஜன் அரண்மனை மாதிரி சிவப்பும் பச்சையுமாகக் கட்டியிருக்கிறார்கள், உள்ளே ஒரு தொட்டியில் சொறிமீன்கள் மேலும் கீழும் மிதக்கும். ஃபுஜிசாவாவில் மாறும்போது அங்கிருந்தே புறப்படும் ஷின்ஜுகு வண்டியைப் பார்த்து ஏறினால் உட்கார்ந்து வரலாம். நிலையத்துக்குள் நுழையும் முன் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டிவிடுங்கள், ரயில் தரை அவ்வளவு சுத்தமாக இருக்கும்.